தையல் மேசைக்கு வந்த ஏரியா பேப்பர்

எங்கள் ஏரியாவின் வாரப் பேப்பரான மயிலாப்பூர் டைம்ஸ் எனக்கு முதலில் வெட்டுக் காகிதமாகத்தான் அறிமுகம்.

சென்னை மந்தைவெளியில் என் தையல் கடை. 2003-இல் போட்டது. பெண்களுக்கு மட்டும்தான் தைக்கிறேன், அதில் முக்கால்வாசி ஜாக்கெட். புது ஆள் வந்தால் நேராகத் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். அளவு ஜாக்கெட்டை விரித்து வைத்து முதலில் பேப்பரில் வெட்டிக்கொள்வேன். முன்பக்கம், பின்பக்கம், கை, கீழ்ப்பட்டி எல்லாம் தனித்தனியாக. பட்டுப் புடவையோடு வரும் ஜாக்கெட் துண்டைத் தப்பாக வெட்டிவிட்டால் அதே நிறத்தில், அதே ஜரிகையில் இன்னொரு துண்டு எங்கேயும் கிடைக்காது. அதனால் எங்கள் தொழிலில் பழைய பேப்பருக்கு மதிப்பு உண்டு. பெரிய தினசரியின் தாளை என் மேசையில் பரப்பினால் ஓரம் தொங்கும். இது சின்ன அளவுப் பேப்பர். ஒரு தாளை விரித்தால் முன்பக்கம் அழகாக அடங்கும்.

கடைக்கு மேலே நான்கு வீடுகள். வாரா வாரம் நான்கு வீட்டுக்கும் இந்தப் பேப்பர் இலவசமாக வந்து விழும். அவர்கள் படித்து முடித்ததும் படியிறங்கும்போது என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பல வருடம் இப்படித்தான் போனது. நான் ஒரு வரி படித்ததில்லை. இது ஆங்கிலப் பேப்பர். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஆனால் ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துவிடலாம்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் சாக்கடை பொங்கியது. கடை வாசலில் மூன்று வாரம் கருப்புத் தண்ணீர். வாடிக்கையாளர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கல் மேல் கால் வைத்து உள்ளே வருவார்கள். புகார் கொடுக்கப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அங்கே இருந்தவர் நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, "உங்க தெருவுல மட்டும்தான்மா இந்தப் பிரச்சினை. டெய்லர் கடைதானே வச்சிருக்கீங்க? துண்டுத் துணியெல்லாம் உள்ள போட்டு அடைச்சிருப்பீங்க" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. என் கடையில் ஒரு நூல் பிசிறுகூட வெளியே போகாது. வெட்டிய துண்டுகளை மூட்டையாகக் கட்டித் தலையணைக்குள் வைக்க வாங்கிப்போகும் ஆளே இருக்கிறார். ஆனால் அதை யாரிடம் நிரூபிப்பது? தெருவிலும் இரண்டு பேர் அதையே நம்ப ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஒரு நாள் கை வளைவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு அடியில் எங்கள் தெருவின் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரு படம், அதே கருப்புத் தண்ணீர். முதலில் நம் தெருதான் என்று நினைத்தேன். பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தால், படம் இரண்டு தெரு தள்ளி எடுத்தது. செய்தியில் ஐந்து தெருப் பெயர்கள் இருந்தன. ஐந்திலும் மூன்று வாரமாக இதே கதை. சாயங்காலம் என் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் படிக்கப் படிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்ற நான்கு தெருவில் ஒன்றில்கூடத் தையல் கடை கிடையாது.

அடுத்த நாள் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நான்கு தெருவுக்கும் போனேன். ஒவ்வொரு தெருவிலும் யாரோ ஒருவர் தனியாகப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறார். எல்லோருக்கும் "உங்க தெருவுல மட்டும்தான்" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. ஒரு தெருவில் மெஸ் வைத்திருக்கும் அண்ணனிடம் எண்ணெயும் சோறும் கொட்டியதால் அடைத்தது என்றிருக்கிறார்கள். பதினொரு பேர் சேர்ந்து போனோம். அன்றைக்கு யாரும் என் துண்டுத் துணியைப் பற்றிப் பேசவில்லை. ஐந்து தெருவின் தண்ணீரும் போய்ச் சேருகிற குழாய் ஒரு இடத்தில் உள்வாங்கியிருந்தது என்று பிறகு தோண்டிப் பார்த்துச் சொன்னார்கள். சரிசெய்ய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆகட்டும். பக்கத்துக் கடைக்காரர் வந்து, "தப்பா நெனச்சுட்டேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது போதும் எனக்கு.

அதற்குப் பிறகு இந்தப் பேப்பரில் நான் கத்தரி வைப்பதில்லை. வெட்டுக்குப் பழுப்புக் காகிதம் கடையில் காசு கொடுத்து வாங்குகிறேன்.

இப்போது பேப்பரைப் பற்றிச் சொல்கிறேன். இதை 1994-இல் தொடங்கியவர் வின்சென்ட் டிசோசா என்ற பத்திரிகையாளர். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை, அபிராமபுரம், ராஜா அண்ணாமலைபுரம், சாந்தோம் என்று இந்தச் சுற்றுவட்டாரம்தான் அதன் உலகம். அடையாற்றைத் தாண்டி நடப்பது அதில் வராது. காசு கிடையாது, செலவெல்லாம் விளம்பரத்தில்தான் ஓடுகிறது. இப்போது போனிலும் படிக்கலாம், மகள் அப்படித்தான் படிக்கிறாள். எனக்குக் காகிதம்தான் வேண்டும், மேசையில் பரப்பி விரல் வைத்துப் படிக்க.

இப்படி ஏரியாவுக்கு ஏரியா பேப்பர் சென்னையில் நிறைய உண்டு. அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ், அண்ணா நகர் டைம்ஸ் எல்லாம் எனக்குத் தெரியும். என் அக்கா மேற்கு மாம்பலத்தில் இருக்கிறாள், அவள் வீட்டுக்கு மாம்பலம் டைம்ஸ் வரும். ஒரு வாடிக்கையாளர் மெட்ராஸ் மியூசிங்ஸ் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். 1991-இல் எஸ். முத்தையா தொடங்கிய பத்திரிகை, மாதம் இரு முறை வருவது. பழைய கட்டடம், பழைய மனிதர்கள், நகரத்தின் வரலாறு என்று அருமையாக இருக்கும். ஆனால் நாளைக்குக் காலையில் நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருமா என்பதை அதில் தேட முடியாது. அது வேறு வேலை.

ஏன் ஏரியா பேப்பர் வேண்டும் என்று என்னைக் கேட்டால் ஒரு கணக்கு சொல்வேன். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சுற்றியிருந்த நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆனது. வார்டு 200. எண்ணூரில் நடப்பதையும் சோழிங்கநல்லூரில் நடப்பதையும் ஒரே பக்கத்தில் போட வேண்டிய பெரிய பேப்பருக்கு மந்தைவெளியின் ஒரு சந்தில் நிற்கும் சாக்கடைத் தண்ணீர் எப்படிக் கண்ணில் படும்? அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு இடம் இல்லை. ஏரியா பேப்பருக்கு அந்தச் சந்துதான் முதல் பக்கம்.

இந்தப் பேப்பரில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு விஷயத்தை எழுதிவிட்டு அதோடு விட்டுவிடாமல் இருப்பது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு வாரம் வரும். சில வாரம் கழித்து இப்போது எரிகிறது என்று இரண்டு வரி வரும், இல்லையென்றால் இன்னும் எரியவில்லை என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்காக யாரோ ஒருவர் இராத்திரி அந்தத் தெருவுக்குத் திரும்பப் போய் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். தையலில் நாங்கள் இதை 'ட்ரையல்' என்போம். போட்டுப் பார்த்து, அக்குளில் இழுக்கிறதா, தோளில் நழுவுகிறதா என்று மறுபடி பார்த்தால்தான் அந்த ஜாக்கெட் முடிந்ததாகக் கணக்கு. தைத்துக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே யாரும் இரண்டாவது தடவை போக மாட்டார்கள்.

ஒரு முறை செய்தி சேகரிக்க வந்த இளைஞர் ஒருவர் என் கடை வாசலில் நின்றார். மெட்ரோ வேலைக்காக ஆர்.கே. மடம் சாலையில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருந்த சமயம். நான் சும்மா "ரொம்பக் கஷ்டம் தம்பி" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. "எத்தனை மணிக்கு நெரிசல் அதிகமா இருக்கு அக்கா? பஸ் ஸ்டாப் முன்னாடி எங்க இருந்தது, இப்ப எங்க இருக்கு? அங்கிருந்து நடந்து வர்ற வழியில பிளாட்பாரம் இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குப் பதில் தெரியாத கேள்விக்கு எதிரே இருக்கும் இஸ்திரி அண்ணனிடம் போனார். பிறகு பூக்கடை அக்காவிடம். மூன்று பேரும் ஒரே நேரத்தைச் சொன்ன பிறகுதான் எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இஞ்ச் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்க்கிற மாதிரிதான் அந்த வேலை.

அந்த மெட்ரோ வேலை இந்தப் பக்கத்தில் எல்லோர் வாழ்க்கையையும் மாற்றி வைத்திருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் இரண்டு தடங்கள் திருமயிலையில்தான் சந்திக்கின்றன. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போவது ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போவது இன்னொன்று. லஸ் பக்கம் பூமிக்கு அடியில் பல அடுக்காக நிலையம் கட்டுகிறார்கள். முடிந்தால் நல்லதுதான், நானும் அதில் போவேன். ஆனால் முடிகிறவரை எந்தத் தெரு ஒருவழி, எந்தப் பக்கம் ஆட்டோ வராது என்று வாரா வாரம் யார் சொல்வது? வயதான வாடிக்கையாளர்கள் போன் செய்து, "எந்த வழியா வரணும்மா?" என்று கேட்பார்கள். நான் இந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் சொல்வேன்.

திருவிழா விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் தேர் என்றைக்கு, அறுபத்துமூவர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, தைப்பூசத் தெப்பம் எந்த மூன்று நாள், நவராத்திரிக்கு வடக்கு மாடத் தெருவில் பொம்மைக் கடை போட ஆரம்பித்துவிட்டார்களா, எல்லாம் இருக்கும். எனக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட செய்தி. மார்கழிக் கச்சேரிப் பட்டியல் கண்ணில் பட ஆரம்பித்ததும் லைனிங் துணி கூடுதலாக வாங்கி வைப்பேன், பட்டு ஜாக்கெட் வேலை குவியப்போகிறது என்று அர்த்தம். அறுபத்துமூவர் அன்று கடையே திறப்பதில்லை. கூட்டத்தில் யாரும் அளவு கொடுக்க வர மாட்டார்கள், நானும் மாட வீதிக்குப் போய்விடுவேன்.

ஜனவரியில் வடக்கு மாடத் தெருவில் கோலப் போட்டி நடக்கும். மயிலாப்பூர் விழா என்று நான்கு நாள் நடத்துவார்கள், இந்தப் பேப்பரைத் தொடங்கியவரே அதையும் முன்னின்று நடத்துகிறார். தெருவில் வரிசையாக உட்கார்ந்து புள்ளி வைக்கிற பெண்களைப் பார்க்க வேண்டும். கார் போகிற தெரு அது, அன்றைக்கு முழுக்கக் கோலம். ஆகஸ்டில் மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறார்களே, 2004-இல் அதை ஆரம்பித்தவர்களிலும் அவர் ஒருவர், முத்தையாவும் ஒருவர். மகள் ஒரு வருடம் அதில் பழைய இடங்களை நடந்தே சுற்றிக் காட்டுகிற நடைக்குப் போய்விட்டு வந்து லஸ் சர்ச் 1516-இல் கட்டியது என்று சொன்னாள். எத்தனை வருடம் அந்த வழியாக நூல் வாங்கப் போயிருக்கிறேன்.

விளம்பரப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். வீடு வாடகைக்கு, சமையலுக்கு ஆள், பாட்டு வகுப்பு, கணக்கு டியூஷன், பழைய பீரோ விற்பனைக்கு. ஒரு ஏரியா எப்படி மாறுகிறது என்பது அந்தப் பொடி எழுத்தில்தான் முதலில் தெரியும். முன்பு தனி வீடு வாடகைக்கு என்று வரும், இப்போது அடுக்குமாடிதான். ஒரே மாதிரி அறைக்கு வாடகை வருடா வருடம் ஏறுவதை அங்கே பார்த்துத்தான் என் கடை வாடகையும் ஏறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு சீட்டுப் பணத்தை ஒதுக்கி வைத்தேன். வீட்டுக்காரர் வந்து பேசியபோது நான் தயாராக இருந்தேன்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் ஒன்று உண்டு, நானும் இருக்கிறேன். கேஸ் சிலிண்டர் வண்டி வந்ததா என்று கேட்க நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மின்சாரம் போய்த் தண்ணீர் சூழ்ந்திருந்தபோது அதில் ஒரு குரல் பதிவு வந்தது, ஏரி உடைந்துவிட்டது, எல்லோரும் மாடிக்குப் போங்கள் என்று. யார் குரல், எந்த ஏரி, ஒன்றும் இல்லை. கீழ்வீட்டுத் தாத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினோம். ஏரி எதுவும் உடையவில்லை. அந்தப் பதிவை அனுப்பியவர் இன்றுவரை யாரென்று தெரியாது. பேப்பரில் ஒன்று தப்பாக வந்தால் போய்க் கேட்க ஒரு ஆபீஸ் இருக்கிறது, ஒரு ஆசிரியர் இருக்கிறார். எனக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

சரி, குறை. இரண்டு சொல்கிறேன், ஒன்று சின்னது.

சபா, கோயில், பூங்கா பக்கத்துச் செய்திகள் நிறைய வருகின்றன. அது மயிலாப்பூர், வரத்தான் வேண்டும். ஆனால் கடற்கரையில் மீனவர்கள் இருக்கிற நொச்சிக்குப்பம், டுமீங்குப்பம் பக்கமும் இதே ஏரியாதான். 2023 ஏப்ரலில் அங்கே உள்ள லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றியபோது அங்கே இருந்த பெண்கள் சாலையிலேயே உட்கார்ந்து போராடினார்கள். அப்புறம் 2024 ஆகஸ்டில் 300-க்கும் மேற்பட்ட கடைகளோடு மீன் அங்காடி திறந்தது. அந்த மாதிரிப் பெரிய சம்பவம் என்றால் எல்லாப் பேப்பரிலும் வந்துவிடும். மற்ற வாரங்களில் அங்கே தண்ணீர் எப்படி வருகிறது, படகு நிறுத்த இடம் இருக்கிறதா, அங்காடியில் வியாபாரம் எப்படி இருக்கிறது என்பதை ஏரியா பேப்பரில்தான் பார்க்க முடியும். இன்னும் அதிகமாக வேண்டும் என்று கேட்பது என் ஆசை. என்னிடம் தைக்க வருகிறவர்களில் அந்தப் பக்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள்.

பெரிய குறை, இது ஆங்கிலத்தில் இருப்பது.

நான் இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. ஆங்கிலம் படிக்கிற வீடுகளை நம்பித்தான் விளம்பரம் வரும், விளம்பரம் வந்தால்தான் பேப்பர் இலவசமாக வரும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் தெருவைப் பாருங்கள். சாக்கடை பொங்கினால் முதலில் காலை வைக்கிறவர் காலை நான்கு மணிக்குப் பால் போடுகிறவர். பிளாட்பாரத்தை உடைத்தால் அன்றைக்கே வியாபாரம் போவது பூக்கடை அக்காவுக்கு. வேப்ப மரத்துக் கிளையை வெட்டினால் இஸ்திரி அண்ணனின் வண்டிக்கு நிழல் போகும். செய்தி இவர்களைப் பற்றி. படிப்பது இரண்டாவது மாடியில்.

பூக்கடை அக்கா விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு என்று 2014-இல் ஒரு சட்டம் வந்தது. வியாபாரம் செய்கிறவர்களைக் கணக்கெடுத்து, சான்றிதழும் அடையாள அட்டையும் கொடுக்க வேண்டும், நினைத்தபடி விரட்ட முடியாது. அந்த அக்கா இருபது வருடமாக அதே மூலையில் மல்லியும் கதம்பமும் விற்கிறார், சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் பேப்பரில், இந்தப் பகுதி வியாபாரிகளுக்கு அட்டைக்காகப் பதிவு நடக்கிறது என்று ஒரு மூலையில் சின்னதாக வந்திருந்தது. நான் படித்துவிட்டுக் குறுக்கே ஓடிப் போய்ச் சொன்னேன். அக்கா பூக்கூடையை என் கடையில் வைத்துவிட்டு, ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனார். கடைசி நாளுக்கு முந்தின நாள் அது. அவர் உட்காருகிற இடத்துக்கும் என் மேசைக்கும் இருபதடி. அந்தச் செய்தி அந்த இருபதடியைக் கடக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் அன்றைக்குக் கல்யாண ஆர்டர் அவசரத்தில் படிக்காமல் விட்டிருந்தால்?

இதை நினைத்து எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் கடை வாசலில் இருந்த கரும்பலகையைத் துடைத்தேன். 'ஃபால்ஸ், பீக்கோ உடனடியாக' என்று பல வருடமாக எழுதியிருந்த பலகை. பாதியில் அதை மறுபடி எழுதிவிட்டு, மீதிப் பாதியில் அந்த வாரப் பேப்பரிலிருந்து நம் பக்கத்துக்கு வேண்டிய நான்கு செய்திகளைத் தமிழில் எழுதினேன். எந்தத் தெருவில் எந்தத் தேதி குழி தோண்டுகிறார்கள், இலவசக் கண் பரிசோதனை எங்கே, இந்த மாதிரி. கீழே எந்தப் பேப்பரில் வந்தது என்ற பெயரையும் போட்டேன், நானாகச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது.

நான்கு வரிக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ள அரை மணி, அதைச் சுருக்க அரை மணி. முதல் வாரம் யாரும் நின்று பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் வேலை அதிகமாகி எழுதாமல் விட்டுவிட்டேன். பால் போடுகிறவர் காலையில் ஷட்டரைத் தட்டி, "என்னக்கா, இந்த வாரம் ஒண்ணும் எழுதலையே, பேப்பர் வரலையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரமும் விட்டதில்லை.

இந்தப் பேப்பரை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் என் கோரிக்கை ஒன்றுதான். முழுப் பேப்பரும் தமிழில் வேண்டாம். ஒரே ஒரு பக்கம், கடைசிப் பக்கமாக இருந்தாலும் சரி. அந்தப் பக்கத்தை டீக்கடையிலும் சலூனிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டிக்கொள்வது எங்கள் பொறுப்பு. ஒட்டுவதற்கு இந்தத் தெருவில் ஆள் இருக்கிறது, பசை நான் காய்ச்சிக் கொடுக்கிறேன்.

இந்த ஏரியாவில் குடியிருந்து, வீட்டு வாசலில் விழுகிற இந்தப் பேப்பரை ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றாமல் பழைய பேப்பர்க்காரருக்குப் போடுகிறவராக நீங்கள் இருந்தால், தயவுசெய்து ஒரு மாதம் படித்துப் பாருங்கள். நான்கே இதழ். உங்கள் தெருப் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று மட்டும் தேடுங்கள். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் நான்கு தருவேன். தமிழ்ப் பக்கம் வருகிற வாரம் ஐந்தாவது.

மாடி வீட்டு மாமி இப்போது பேப்பரைக் கொண்டுவந்து வைக்கும்போது, பலகையில் எழுத வேண்டிய செய்திகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுத் தருகிறார். கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு ஓரத்தில் சின்னச் சின்ன எழுத்தில் தமிழ் எழுதியிருப்பார். போன வாரம் ஒரு சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் எழுதி, "உனக்கு எது சரியாப் படறதோ அதைப் போட்டுக்கோம்மா" என்றார். பூக்கடை அக்காவிடம் காட்டிக் கேட்டுத்தான் ஒன்றை எடுத்து எழுதினேன்.